வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள், யாரும் இல்லை

"வாசலில் நடமாட்டம்" என்று வாசல் கண்காணிப்புக் கேமரா சொல்ல, போன் அலறுகிறது. பதறிப் பார்த்தால் செடியின் நிழல் ஆடுகிறது. ராத்திரி இன்னும் மோசம். இருட்டில் பார்க்கக் கேமரா போடும் அகச்சிவப்பு விளக்கின் வெதுவெதுப்புக்கோ என்னவோ, சிலந்தி லென்ஸுக்குக் குறுக்கே வலை கட்டிவிடுகிறது. ஒரே ஒரு இழை காற்றில் அசைந்தால் போதும், திரை முழுக்க வெள்ளையாக ஏதோ பாய்கிறது, உடனே எச்சரிக்கை!

சரி, நிஜமாகவே ஆள் வந்தால்? பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கும் கேமரா சாவகாசமாக விழித்து, திரும்பிப் போகிறவரின் முதுகைப் படம் பிடிக்கிறது. அந்த முதுகை மறுநாள் பார்க்க மாதச் சந்தா கட்ட வேண்டுமாம். உணர்திறனைக் குறைத்தால் பார்சல் கொண்டுவருபவரே அதன் கண்ணில் படுவதில்லை. கூட்டினால் போகிற வருகிற பூனைக்கெல்லாம் அறிவிப்பு.