டிப்ஸ் கட்டத்தில் இழுத்த கோடு

குழுவில் நடந்ததைப் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள் என்பதால் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. ஒன்பது பேர் சாப்பிட்ட விருந்துக்குப் பணம் கட்டிய நண்பர், டிப்ஸ் கட்டத்தில் எதுவும் எழுதாமல் கோடு இழுத்த உணவக ரசீதின் படம், அதன் மேல் "இனி இவங்க டிப்ஸுக்கு வரியே கிடையாதாம், இதுல நாம வேற அள்ளிக் கொடுக்கணுமா?" என்ற வாசகம், கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள், பிறகு என் பதில், அதன் பிறகு நான் குழுவிலிருந்து நீக்கப்பட்டது. நீக்கியதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், கொஞ்சம் இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளாக அமெரிக்காவில், டெக்சஸின் டாலஸில் இருக்கும் எனக்கு, நல்லது கெட்டது எல்லாம் அந்தக் குழுவின் வழியாகத்தான் தெரியவரும்.

சொல்ல வந்தது ஒன்றுதான். டெக்சஸில் மேசைக்கு வந்து பரிமாறும் உணவகத்தில் டிப்ஸ் என்பது தானம் அன்று, கூலி. நீங்கள் மனமுவந்து போடும் பிச்சை என்று நினைத்துக்கொண்டு போட்டாலும் அது கூலிதான். போடாமல் வந்தால் கூலியைக் கொடுக்காமல் வந்திருக்கிறீர்கள்.

நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர் என்பது எல்லாருக்கும் தெரியும்; 2009க்குப் பிறகு அது ஒரு சென்ட்கூட உயரவில்லை என்பதும் தெரியும். ஆனால் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியது 2.13 டாலர் மட்டுமே. அந்த எண் 1991இல் வந்தது. முன்பெல்லாம் பொது ஊதியத்தில் பாதி என்ற கணக்கு இருந்தது. 1996இல் அந்த முடிச்சையும் அவிழ்த்து, 2.13இலேயே நிறுத்திவிட்டார்கள். அன்று பிறந்த குழந்தைகள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். எண் அப்படியே இருக்கிறது. மீதி 5.12 டாலரை மேசையில் உட்கார்ந்திருக்கும் நாம் கொடுத்துவிடுவோம் என்பதுதான் சட்டத்தின் கணக்கு. நீங்கள் ரசீதில் கோடு இழுக்கும்போது கிழிவது அந்தக் கணக்குதான்.

"டிப்ஸுக்கு வரி இல்லை" என்ற வாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு எரிச்சல் வந்ததே அங்கேதான். 2024 ஜூனில் லாஸ் வேகஸ் கூட்டத்தில் ட்ரம்ப் இதை அறிவித்தார். இரண்டு மாதம் கழித்து அதே ஊரில் கமலா ஹாரிஸும் அதே வாக்குறுதியைக் கொடுத்தார். குறைந்தபட்ச ஊதியத்தையும் உயர்த்துவேன் என்று சேர்த்துச் சொன்னார் என்பதையும் நியாயமாகக் குறிப்பிட வேண்டும். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தில் அது ஆண்டுக்கு 25,000 டாலர் வரையான டிப்ஸை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் கழிவாக வந்தது, அதுவும் 2028 வரை மட்டும். வருமான வரியில்தான் கழிவு; சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கும் போகும் 7.65 சதவீதம் வழக்கம்போல் பிடிக்கப்படும். ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் டாலர் சம்பாதிக்கும் கல்லூரிப் பெண்ணுக்கு முன்பும் வருமான வரி இல்லை, இப்போதும் இல்லை. ஆக அவளுக்குக் கிடைத்தது பூஜ்ஜியம். அந்த 2.13ஐ எந்தக் கையெழுத்தும் தொடவில்லை. இவ்வளவையும் ஒரு சிரிப்பு முகத்துக்குள் அடக்கிவிட்ட நண்பரின் திறமையை மெச்சத்தான் வேண்டும்.

அந்தக் கல்லூரிப் பெண் யாரோ இல்லை, என் மகள். கடந்த கோடையில் வேறோர் உணவகத்தில் சர்வராக இருந்தாள். இரவு பதினொன்றரைக்கு வந்து, ஏப்ரன் பையைச் சமையலறை மேசையில் கவிழ்ப்பாள். கசங்கிய ஒரு டாலர் தாள்கள், சாஸ் பட்டு ஒட்டிக்கொண்ட இரண்டு ஐந்து டாலர் தாள்கள், ஒரு பேனா மூடி, மிஞ்சிய ஸ்ட்ரா. தாள்களைத் தலை மேலிருக்கும்படி அடுக்கிக்கொண்டே, எந்த மேசை என்ன கொடுத்தது என்று சொல்வாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் சம்பளச் சீட்டு ஒன்றைக் காட்டினாள். அட்டையில் வந்த டிப்ஸுக்கான பிடித்தமெல்லாம் அந்த 2.13இலிருந்தே போய்விட்டதால், கையில் வர வேண்டிய தொகை 11 டாலர் சொச்சம். நான் அச்சுப்பிழை என்று நினைத்தேன்.

அவள் வழியாகத்தான் எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. அவளது உணவகத்தில் சர்வர் தன் விற்பனையில் 4 சதவீதத்தை மேசை துடைக்கும் பையன்களுக்கும் பாரில் நிற்பவருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். டிப்ஸில் அன்று, விற்பனையில். அன்றைய விருந்தில் எங்கள் மேசையின் பில் 386 டாலர். அங்கேயும் அதே வழக்கம் இருந்தால், எங்கள் ஒன்பது பேருக்கும் இரண்டரை மணி நேரம் ஓடிய அந்தப் பெண், மற்ற மேசைகளில் கிடைத்ததிலிருந்து 15 டாலரை எடுத்து எங்கள் மேசைக்காகக் கொடுத்திருப்பார். முதலாளி அந்த இரண்டரை மணி நேரத்துக்குக் கொடுத்தது 5 டாலர் 33 சென்ட். அதாவது நமக்குப் பரிமாற அவர் காசு கட்டியிருக்கிறார்.

"முதலாளி ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கட்டுமே, நமக்கென்ன?" என்பீர்கள். கொடுக்கட்டும். நானும் அதைத்தான் விரும்புகிறேன். கலிபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் இந்த அரைக்கூலி ஏற்பாடே கிடையாது. அங்கே உணவகங்கள் நடக்காமலா இருக்கின்றன? டிப்ஸ் 7.25ஐ எட்டவில்லை என்றால் மீதியை முதலாளிதான் ஈடுகட்ட வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. ஆனால் அது வாரம் முழுவதற்கும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு, வெள்ளி இரவில் கிடைத்ததை வைத்துச் செவ்வாய்க்கிழமையின் பட்டினியை மறைத்துவிடும். சரி, முதலாளியை எதிர்க்கிறீர்கள் என்றால் அவர் கடையில் சாப்பிடாதீர்கள். அவருக்கு 386 டாலரையும் ஒரு சென்ட் குறையாமல் கொடுத்துவிட்டு, பரிமாறியவள் வயிற்றில் அடித்துவிட்டு வந்ததற்குப் பெயர் போராட்டமா?

"காபிக் கடையிலும் திரையைத் திருப்பி 25 சதவீதம் கேட்கிறார்களே" என்பதற்கு என்னிடம் சண்டை இல்லை. நானும் அங்கே வேண்டாம் என்பதைத்தான் அழுத்துகிறேன். நான் பேசுவது அதைப் பற்றி அன்று.

"இது அவர்கள் கலாச்சாரம், நமக்கு வழக்கமில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். இது எப்படி வந்த கலாச்சாரம் என்று பார்க்கட்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த காலத்தில், புல்மன் நிறுவனம் தன் படுக்கை ரயில்பெட்டிகளில் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரைப் பணியாளர்களாக வைத்து, சொற்பச் சம்பளம் கொடுத்து, மீதியைப் பயணிகளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னது. 1925இல் ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டி, பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937இல்தான் அவர்கள் ஒப்பந்தம் பெற்றார்கள். இன்னொருவன் உழைப்புக்கு விலை வைக்கும் உரிமை சாப்பிடுபவனுக்கே என்ற ஏற்பாடு நமக்கு வழக்கமில்லாததா? படியளப்பதும், முகம் பார்த்து அளப்பதும், எதிர்த்துப் பேசினால் அளவைக் குறைப்பதும் நமக்குத் தெரியாததா?

வழக்கம் தெரியாதவர்களை நான் குறை சொல்லவில்லை. வந்த புதிதில் 38 டாலர் பில்லுக்கு ஒரு டாலரை வைத்துவிட்டு எழுந்தவன் நான். கூட வந்த மூத்த சகா எதுவும் சொல்லாமல் ஆறு டாலரைத் தட்டின் அடியில் சொருகிவிட்டு, காரில்தான் விளக்கினார். நமது நண்பருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் வீட்டைப் புதுப்பித்தபோது குளியலறைக் கல் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதுவரை எங்களுக்குச் சொன்னவர். தெரியாமல் செய்பவர் படம் எடுத்துப் போடமாட்டார்.

எனக்கு வலித்தது எதுவென்று சொல்லிவிடுகிறேன். இந்தியக் குடும்பம் உள்ளே நுழைந்தால் மற்ற சர்வர்கள் என் மகளிடம், "உங்க ஆளுங்க, நீயே எடுத்துக்கோ" என்று சொல்லித் தள்ளிவிடுவார்களாம். அவளும் எடுத்துக்கொள்வாள். இதை அவள் புகாராகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. கொடுப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அதுவும் அவளே சொன்னதுதான். ஆனால் பெயர் கெடுவதற்கு நம் நண்பரின் ஒரு கோடு போதும்.

"அவர் காசில் சாப்பிட்டுவிட்டு அவரையே ஏசுகிறாயே, அங்கேயே சொல்லியிருக்கலாமே" என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். இதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. அவர் கோடு இழுத்ததை நான் பார்த்தேன். அவருக்குப் பிறந்தநாள், அவர் விருந்து, பக்கத்தில் அவர் மாமனார். நான் பேசாமல் சோம்பை வாயில் போட்டுக்கொண்டேன். சகா செய்ததைப்போல் தட்டின் அடியில் சொருகியிருக்கலாம்; என்னிடம் அன்று ரொக்கம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குழுவில் வந்த படத்தை மகளிடம் காட்டினேன். அவள் தொகையைப் பார்க்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி, "சர்வர் பேரைக்கூட மறைக்கலையேப்பா" என்றாள். உண்மைதான், ரசீதின் மேல் வரியிலேயே அச்சாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை 80 டாலரை உறையில் போட்டு, அந்தப் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அவருக்கு அன்று விடுமுறையாம். மேலாளரிடம் கொடுத்துவிட்டு வர மனம் வரவில்லை. உறை காரில்தான் இருக்கிறது. வியாழன் மாலை அவருக்கு ஷிஃப்ட் என்று சொன்னார்கள்.