ஏஎன்ஏ நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது

அண்ணே, தேவகோட்டை ஆச்சி தன் பேத்தியின் நெற்றியில் உச்சியிலிருந்து புருவம் வரை பள்ளமாக இறங்கும் பளபளப்பான கோட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "ஏஎன்ஏ ரத்தப் பரிசோதனை நெகட்டிவ், அதனால் ஸ்க்ளீரோடெர்மா இல்லை, எண்ணெய் தேய்த்தால் போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. ஸ்க்ளீரோடெர்மா என்பது தோல் இறுகிக் கெட்டியாகும் நோய்; ஏஎன்ஏ என்பது உடல் தன்னையே தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை.

ஓரிடத்தில் மட்டும் தோலை இறுக்கும் இந்த வகையில் பலருக்கு ஏஎன்ஏ நெகட்டிவாகவே இருக்கும். தோல் மருத்துவர் பார்த்து, தொட்டு முடிவு செய்வதுதான் முக்கியம், சந்தேகமிருந்தால் பயாப்ஸி (தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது). வாள் வெட்டுத் தழும்பு மாதிரி நெற்றியில் வரும் கோடு தோலோடு நிற்காமல் கொழுப்பையும் எலும்பையும் கூடக் கரைக்கலாம். சிலருக்கு வலிப்பு, தலைவலி, கண்ணுக்குள் அழற்சி வரும். அதனால்தான் கண் பரிசோதனையும் மூளை எம்ஆர்ஐயும் கேட்கிறார்கள். காசு பிடுங்க இல்லை.

எண்ணெய் வறட்சிக்கு நல்லது, அவ்வளவுதான். நோய் பரவும் கட்டத்தில் வழக்கமான சிகிச்சை, மிகையான நோய் எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து, தொடக்கத்தில் கூடவே ஸ்டீராய்டு. "புற்றுநோய் மருந்தாச்சே" என்று பயப்பட வேண்டாம், இங்கே அளவு மிகக் குறைவு. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள்தான்; தவறி தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. இடையிடையே ரத்தப் பரிசோதனையும் உண்டு. கோடு அடங்கியதும் நிறுத்திவிடாதீர்கள், திரும்பி வரும் நோய் இது.

இதே கேள்விக்கு இன்னொருவர் நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் போய்விடும் என்று பயமுறுத்தியிருந்தார். அது உடல் முழுக்க வரும் வேறு வகை.

ஆச்சி, பழைய போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு மதுரை ராஜாஜி மருத்துவமனை தோல் பிரிவுக்குப் போங்கள்.