ஒரு துடை துடைத்தால் போதுமாம்!

"சும்மாதானே உட்கார்ந்திருந்தேன், உன் பொம்மையெல்லாம் ஒரே தூசியா இருந்துச்சு, துடைச்சு வெச்சுட்டேன்."

பொம்மை சேர்க்கிற யாருக்கும் இதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. அடிவயிறு கலங்கியிருக்கும். ஆனாலும் நான் சொல்லத்தான் போகிறேன், இல்லாவிட்டால் இன்றைக்குத் தூக்கம் வராது.

துடைத்தது அத்தை. துடைக்கப்பட்டது என் பீங்கான் நடனப் பெண். ஒரு சாண் உயரம்தான், ஆனால் பாவாடை முழுக்க லேஸ். அந்த லேஸை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? நிஜ லேஸ் துணியைப் பீங்கான் மண் குழம்பில் முக்கி, மடிப்பு மடிப்பாகப் பொம்மைமேல் ஒட்டி, சூளையில் வைப்பார்கள். சூட்டில் நூல் எரிந்து போய்விடும். நூலின் மேல் படிந்திருந்த பீங்கான் மட்டும் நிற்கும். உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் கூடு. ஜெர்மனியில் டிரெஸ்டன் வட்டாரப் பட்டறைகள் இந்த வேலைக்குப் பேர் போனவை. நகம் பட்டாலே உதிரக்கூடிய அந்த லேஸ்மேல், அடுப்பு மேடை துடைக்கிற துணியைப் போட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தால் என்ன மிஞ்சும்?

நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முதலில் அவளைத் தூக்கியிருக்கிறார். எங்கே பிடித்து? நீட்டிய கையைப் பிடித்து! எந்தப் பொம்மையையும் அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். அந்தக் கை பிடித்துத் தூக்குவதற்காக நீட்டியது இல்லை, அத்தை! அடுத்தது துணி. நன்றாகப் பிழிந்த துணிகூட இல்லை, சொட்டச் சொட்ட ஈரம். காய்ந்திருக்கிற வரைக்கும்தான் அது தூசி. மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போய்விடும். ஈரம் பட்டால் குழைந்து மடிப்புக்குள் இறங்கிவிடும். சமையல் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இப்போது லேஸின் ஒவ்வொரு ஓட்டையிலும் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் பூசின மாதிரி இறுகிக் கிடக்கிறது. அதற்கும் அடுத்தது விரல். துணியில் பிரிந்திருந்த ஒரு நூல் அவளுடைய சுண்டுவிரலில் மாட்டியிருக்கிறது. துணி போன பக்கம் விரலும் போய்விட்டது. அத்தைக்கு அது தெரியக்கூட இல்லை. துணியை வாளியில் அலசிவிட்டு அடுத்த பொம்மைக்குப் போய்விட்டார்.

அந்த வாளித் தண்ணீரை டீ வடிகட்டியில் ஊற்றி ஊற்றித் தேடினேன். பாதி அரிசி அளவு விரல். கிடைத்தது, அதுவும் நுனி இல்லாமல்.

"ஒரு விரல்தானே" என்கிறார்கள். பீங்கானில் முதலில் போவதே விரல்தான்! 1710-இல் ஜெர்மனியின் மைசன் ஊரில் பீங்கான் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து ஐரோப்பாவில் இந்த உருவங்களைச் செய்துகொண்டிருக்கிறார்கள். பழசை எடுத்துப் பாருங்கள், விரல் ஒட்டுப்போட்டவை எத்தனை இருக்கும்! அவ்வளவுக்கும் காரணம் இப்படி யாரோ ஒருவருடைய அவசரக் கைதான்.

மற்றவற்றின் கதியையும் கேளுங்கள். ஆடு மேய்க்கும் பையன், கண்ணாடி மாதிரி பளபளக்கிற மெருகு பூசாத பீங்கான். அழுக்குத் தண்ணீர் பட்டால் அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். கன்னத்தில் பழுப்பாகத் திட்டு விழுந்துவிட்டது. தங்கக் கரை போட்ட அன்னத்தின் தங்கம், மெருகுக்கு மேல் தனியாகச் சுட்டு ஏற்றிய மெல்லிய பூச்சு, தேய்க்கத் தேய்க்கப் போய்விடும். போய்விட்டது. இதில் பெரிய கொடுமை, தண்ணீர் தேவைப்பட்ட ஒரே பொம்மை பிவிசி பிளாஸ்டிக்கில் செய்த வீரன்தான். பிளாஸ்டிக்கை இளக்கமாக வைக்கச் சேர்க்கிற பொருள் நாளாக ஆக வெளியே கசிந்து மேலெல்லாம் பிசுபிசுப்பாகும், தூசி அப்பிக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு அலசலாம். அவனைத் தொடவே இல்லை. "அது பிளாஸ்டிக்தானே, எதுக்கு" என்றார். பிளாஸ்டிக்குக்குக் காட்டிய இரக்கத்தைப் பீங்கானுக்குக் காட்டியிருக்கக் கூடாதா?

யோசனை சொல்ல வந்தவர்கள் வேறு. தூசி ஊதுகிற காற்று டப்பாவை எடுத்து அடி என்றார் ஒருவர். சாய்த்துப் பிடித்தால் உள்ளே இருக்கிற திரவம் உறையும் குளிரோடு பெயின்ட்மேல் துப்பும். நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டால் பளிச்சென்று ஆகும் என்றார் இன்னொருவர். ஆமாம், ரெசின் பொம்மையின் கண்ணும் புருவமும் பஞ்சோடு வந்துவிடும்! எனக்கு யோசனை வேண்டாம். என்னிடம் மிருதுவான மேக்கப் பிரஷ் இருக்கிறது, அதன் தகரக் கழுத்து பீங்கானில் இடித்துவிடாமல் டேப் சுற்றி வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக நானே தட்டுவேன். அது எனக்கு வேலையே இல்லை, பிரியம். தொடுவதற்கு முன்னால் "துடைக்கட்டுமா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், அது போதும். நானும் உங்கள் பீரோவைத் திறந்து பட்டுப்புடவையை வாஷிங் மெஷினில் போடவில்லையே!

சரி, விரலையாவது ஒட்டலாம் என்று சூப்பர் க்ளூவை எடுத்தால் அது கல்லாகிக் கிடக்கிறது. ஒரே ஒரு தடவை திறந்த ட்யூப். காற்றில் இருக்கிற ஈரமே அதை இறுக்கப் போதும் என்று செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அப்புறம் எதற்கு அதை இவ்வளவு பெரிய ட்யூபில் அடைத்து விற்கிறார்கள்? எனக்கு வேண்டியது ஒரு துளி! குண்டூசியால் குத்தியாயிற்று, சுடுதண்ணீரில் போட்டாயிற்று, மூடி அசைய மாட்டேன் என்கிறது. இந்த மூடியைக் கண்டுபிடித்த ஆளை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் எனக்கு!