தாத்தாவுக்கு எப்படி மீசை?

சிறுவர் நூல் எழுதுகிறவர் தன் சமூகத்தைத் தாண்டாமல் இருப்பதே நல்லது என்று ஒரு கட்டுரையில் வாசித்தேன். கிழக்கிலங்கையில், கல்முனையில் இருந்துகொண்டு அதை எப்படிக் கடைப்பிடிப்பது? வேலி தாண்டினால் அடுத்த வளவு முஸ்லிம் வீடு.

போன வருடம் அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கதை வாசித்துக் காட்டினேன். 'தாத்தா மீசையை முறுக்கினார்' என்று வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். "தாத்தாவுக்கு எப்படி மீசை?" அவர்களுக்குத் தாத்தா என்றால் மூத்த சகோதரி. சிங்களத்தில் அப்பா. எங்கள் வீட்டில் அம்மப்பா, அப்பப்பாதான். தாத்தாவை நாங்களும் புத்தகத்தில்தான் கண்டோம்!

அதற்காக எழுதாமல் விடுவதா? நம் கதைகளில் முஸ்லிம் பிள்ளை நோன்பு மாதத்தில் மட்டும் கஞ்சிக் கோப்பையோடு வருகிறாள். மற்ற நாட்களில் அவள் பள்ளிக்கூடம் போவதில்லையா, சைக்கிளில் விழுவதில்லையா? மட்டக்களப்பில் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி பேசும், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் இருக்கிறார்கள், வாகரைப் பக்கம் தமிழ் பேசும் வேடர் என்ற பழங்குடியினர். தாயின் குலமே பிள்ளைக்கும் வருகிற தாய்வழிக் குடிமுறை இங்கே தமிழருக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. இதில் எத்தனை கதை கிடக்கிறது!

அச்சுக்குக் கொடுக்குமுன் அந்தந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் சிரிக்கிறாள் என்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.