என்கேதியை ஏன் எழுதினேன்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது இங்கிருக்கும் பலருக்கும் தெரியும் என்பதால் அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. முதல் நூற்றாண்டில் ரோமுக்கு எதிராக யூதர்கள் நடத்திய கிளர்ச்சியைப் பற்றிய என் மசாதா நாவலில், என்கேதிப் படுகொலையைச் சொல்லும் நான்காம் அத்தியாயத்தை நான் வாசித்து முடித்ததும், ரோமாபுரியை எதிர்த்து நின்றவர்களைக் கொலைகாரர்களாக்க எப்படி மனம் வந்தது என்று கேட்டார்கள். நான் யாரையும் எதுவாகவும் ஆக்கவில்லை. நடந்ததாகச் சொல்லப்பட்டிருப்பதை மறைக்காமல் எழுதினேன், அவ்வளவுதான்.

மசாதாக் கோட்டையைப் பிடித்திருந்த சிக்காரிகள் என்ற யூதக் கிளர்ச்சிக் குழுவினர், புளிப்பில்லா அப்பப் பண்டிகையின் இரவில் இறங்கிவந்து சாக்கடலோரத்து என்கேதியைக் கொள்ளையிட்டார்கள் என்றும், ஓட முடியாமல் அகப்பட்ட பெண்களும் குழந்தைகளுமாக 700க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள் என்றும் அக்காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியிருக்கிறார். என்கேதி யூதர்களின் ஊர். சில ஆண்டுகள் கழித்து, ரோமானியர் கட்டிய மண்மேடு மசாதாவின் மதிலை எட்டிய பிறகு, சிக்காரிகளின் தலைவன் எலெயாசர் பென் யாயிர், பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று தன் மக்களிடம் பேசியதும், 960 பேர் தங்களுக்குள் கொன்றுகொண்டு மாண்டதும் அதே நூலில்தான் இருக்கின்றன. பின்னதைக் கண்ணீரோடு நம்புகிறவர்கள் முன்னதை மட்டும் நான் விட்டுவிட வேண்டும் என்கிறார்கள்.

ஜோசிபஸ் துரோகி என்றார் ஒருவர். இந்த ஆட்சேபம் நியாயமானது. கலிலேயாவில் கிளர்ச்சிப் படை நடத்தியவர், கி.பி. 67இல் யோதபட்டா நகரம் ரோமானியரிடம் விழுந்தபோது, குகையில் ஒளிந்திருந்த தோழர்கள் சீட்டுப் போட்டு ஒருவரையொருவர் கொன்றுகொள்ள, தாமும் இன்னொருவரும் மட்டும் மிஞ்ச, ரோமானியத் தளபதி வெஸ்பாசியனிடம் சரணடைந்தார். கிளர்ச்சிக்காரர்கள்மேல் பழியைச் சுமத்த அவருக்குக் காரணம் இருந்தது. ஆனால் அப்படிப் பார்த்தால் எலெயாசரின் பேச்சும் அவர் எழுதியதுதானே? அதை ஏன் யாரும் சந்தேகிக்கவில்லை?

யூதேயாவின் ரோமானிய ஆளுநன் புளோருஸ் எருசலேம் ஆலயக் கருவூலத்திலிருந்து 17 தாலந்து எடுத்ததையும், நியாயம் கேட்ட எருசலேம் மக்களை அவனுடைய வீரர்கள் வெட்டியதையும் முதல் அத்தியாயத்திலேயே விரிவாக எழுதியிருக்கிறேன். என்னை ரோமானியப் பக்கம் நிற்பவன் என்றவர்கள் அந்த அத்தியாயத்தைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. கிளர்ச்சிக்காரர்களின் குற்றத்தை எழுதுவது ரோமுக்கு வக்காலத்து வாங்குவது ஆகாது. இதை எத்தனை முறை சொன்னாலும் கேட்க மறுக்கிறார்கள்.

உங்களுக்கு எதற்கு இந்த யூதக் கதை என்ற கேள்வியும் வந்தது. பத்து வயதில் ஞாயிறு வகுப்பில், இயேசுவின் சீடர்களின் பட்டியலில் வரும் 'செலோத்தே என்னப்பட்ட சீமோன்' யார், அந்தப் பட்டம் ஏன் என்று கேட்டேன். மனப்பாடம் செய், கேள்வி கேட்காதே என்று உட்கார வைத்தார்கள். செலோத்தே என்பது ரோமை எதிர்த்த யூதக் கிளர்ச்சிக்காரர்களுக்கும் வழங்கிய பெயர். அந்தக் கேள்வி முப்பது ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் அதே மாதிரி உட்கார வைக்கப்பட்டபோது, அந்தச் சிறுவனின் முகச்சூடு எனக்குத் திரும்பி வந்தது.

மசாதாவில் இரண்டு பெண்களும் ஐந்து குழந்தைகளும் நிலத்தடி நீர்வழியில் ஒளிந்து பிழைத்தார்கள். ஒருத்தி கிழவி, மற்றவள் எலெயாசரின் உறவுக்காரி. ரோமானியரிடம் நடந்ததைச் சொன்னவர்கள் இவர்கள்தான். சாவைப் பெருமை என்று ஏற்காமல் குழந்தைகளை இழுத்துக்கொண்டு இருட்டில் பதுங்கிய இவர்களைத் துரோகிகள் என்பீர்களா? என்கேதியில் செத்த பிள்ளைகளை அந்தக் கிழவி அங்கே நினைத்திருக்க மாட்டாளா? ஐந்தாம் அத்தியாயத்தை அவளிடமிருந்துதான் தொடங்கியிருக்கிறேன். நான்காம் அத்தியாயத்தில் ஒரு வரியும் நீக்கப்படாது.