முதல்ல தண்ணி, அப்புறம் கூட்டாளிங்க, கடைசியில ஃபைட்டர்

நேத்து ஒருத்தர் போட்ட ஒரு அடி மீன் தொட்டி போட்டோவுக்குக் கீழ நடந்ததை நிறைய பேர் பாத்திருப்பீங்க. உள்ள ஒரு ஃபைட்டர் (சண்டை மீன்), ஆறு கப்பி, ரெண்டு கோல்டுஃபிஷ், ஒரு ஏஞ்சல். தொட்டி வெச்சு மூணாவது நாள். கப்பி வால் ஏன் கிழிஞ்சிருக்கு, தண்ணி ஏன் கலங்குதுன்னு அவர் கேட்டார். ஃபைட்டருக்குக் கூட்டாளி வேணும்னா ரெண்டு அடி தொட்டி வேணும், இல்லன்னா ஒரு அடியில ஃபைட்டர் மட்டும் வைங்கன்னு நான் நாலு வரி பதில் எழுதினேன். அதுக்கு வந்தது: "மீன் கொழம்பு தின்றவன் மீனுக்கு அழுவுறான்." "வியாசர்பாடி வீட்ல மனுசன் படுக்கவே இடமில்ல, இவருக்கு ரெண்டு அடி தொட்டி வேணுமாம்." லைக் எல்லாம் அங்கதான் விழுந்துது. சரி, நாலு வரி பத்தலன்னா விரிவாவே எழுதிடறேன்.

ஃபைட்டர் கூட வேற எதையும் வளக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. தாராளமா வளக்கலாம். வரிசைதான் முக்கியம். முதல்ல தண்ணி, அப்புறம் கூட்டாளிங்க, கடைசியில ஃபைட்டர். நம்ம ஆளுங்க அப்படியே தலைகீழா செய்யறாங்க. கலரப் பாத்து மயங்கி ஃபைட்டர முதல்ல வாங்கிடறது, தொட்டி காலியா இருக்கேன்னு அடுத்த வாரம் கண்ணுல பட்டதெல்லாம் வாங்கிப் போடறது. அதுக்குள்ள அந்தத் தொட்டி முழுக்க தன்னோட இடம்னு ஃபைட்டர் முடிவு பண்ணியிருக்கும். புதுசா வர்ற எதுவும் அதுக்கு எதிரிதான்.

தண்ணிய எடுத்துக்கோங்க. மீனோட கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவா மாறும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை நைட்ரேட்டா மாத்தும். முதல் ரெண்டும் விஷம். நைட்ரேட்ட வாராவாரம் தண்ணி மாத்தி வெளியேத்திடலாம். இந்த பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் குடியேற நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் மீன் இல்லாம, ஃபில்டர ஓட விட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடுங்க. டெஸ்ட் கிட்ல அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் மட்டும் தெரிஞ்சா தொட்டி தயார். மூணாவது நாள் வர்ற பால் கலங்கல் பாக்டீரியா பெருகறதுதான், தானா தெளியும். அதைப் பாத்து பயந்து மொத்தத் தண்ணியையும் கொட்டி, ஸ்பாஞ்ச குழாயடியில கழுவினீங்கன்னா திரும்பவும் ஒண்ணாம் நாளுக்குப் போயிடுவீங்க. சென்னை மெட்ரோ தண்ணில குளோரின் இருக்கு. ஆன்டி குளோரின் விட்டுட்டுத்தான் ஊத்தணும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கம் போர் தண்ணி உப்பு கரிக்கற வீடுகள்ல அதை நம்பாதீங்க. தண்ணியோட காரத்தன்மை, அதாவது பிஹெச், ஏற ஏற, சூடு ஏற ஏற அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையான விஷமாகும். நம்ம ஊர்ல சூட்டுக்குப் பஞ்சமே இல்ல.

அடுத்து கூட்டாளிங்க. ரெண்டுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு அடி தொட்டி கணக்குக்கு 56 லிட்டர். கல்லும் மேல விடற இடமும் போக 45 நிக்கும். அதுல ஹார்லிக்வின் ரஸ்போராங்கற சின்ன கூட்ட மீன் எட்டு, அடியில மணல் போட்டு கூலி லோச்ங்கற பாம்பு மாதிரி ஒல்லி மீன் அஞ்சு, நெரைட் நத்தை ரெண்டு, ஒரு ஆண் ஃபைட்டர். இது ஒத்துப்போகும். ரஸ்போரா வேகமா ஓடும், வாலும் சின்னது, ஃபைட்டர் துரத்தினாலும் சிக்காது. லோச் பகல்ல மணலுக்குள்ள கிடக்கும், ஃபைட்டர் மேல்தட்டுலதான் சுத்தும். ஆண் கப்பியோட பெரிய கலர் வாலப் பாத்தா ஃபைட்டருக்கு இன்னொரு ஃபைட்டராதான் தெரியும். செவுள் மூடிய விரிக்கும், கீழேர்ந்து கருப்பா தாடி மாதிரி ஒரு சவ்வு வெளிய வரும், அடுத்த நொடி கடிதான். வால் கிழிஞ்ச காரணம் இதான். டைகர் பார்ப்ங்கற கோடு போட்ட மீன் போட்டா கதை தலைகீழ், அது ஃபைட்டரோட துடுப்ப கடிச்சுத் துப்பும். கோல்டுஃபிஷ் போடற கழிவு சின்னத் தொட்டிக்குத் தாங்காது. ஏஞ்சல் வளந்து பெருசாகும். நியான் டெட்ரா எல்லா ஊர் லிஸ்ட்லயும் இருக்கும். ஆனா அது குளிர்ச்சியான தண்ணி கேக்கற மீன், கத்திரி வெயில்ல நம்ம தொட்டி 31, 32 டிகிரி போகும்போது தாங்காது. செர்ரி இறால் போட்டா ஒளிஞ்சுக்க பாசிச் செடி நிறைய வெச்சுப் போடுங்க. குஞ்சு இறால் எப்படியும் ஃபைட்டர் வயித்துக்குத்தான் போகும்.

வாங்கினதும் தொட்டியில விடாதீங்க. வெள்ளைப்புள்ளி நோய் இப்படித்தான் வீட்டுக்குள்ள வரும். ரெண்டு வாரம் தனி டப்பால வெச்சுப் பாருங்க. அப்புறம் ரஸ்போரா, ஒரு வாரம் கழிச்சு லோச், இன்னொரு வாரம் போய் ஃபைட்டர். ஏற்கனவே ஃபைட்டர் உள்ள இருந்தா அதை வெளிய எடுத்து, செடி கல்லெல்லாம் இடம் மாத்தி, மத்தத விட்டு, ஒரு வாரம் போனதும் திரும்ப விடுங்க. பத்து லிட்டர் டப் ஒண்ணு எப்பவும் கையில இருக்கணும். சில ஃபைட்டர் யாரையும் சேத்துக்காது. ஒரு நாள் முழுக்க விடாம துரத்துச்சுன்னா பிரிச்சிடுங்க.

ஃபைட்டருக்கு எதுக்குத் தொட்டின்னு வந்த பேச்சுக்கும் வர்றேன். "கடையில கப்புல தான வெச்சிருக்கான்?" ஆமா. ரெண்டு ஆண் ஒண்ணா இருந்தா அடிச்சுக்கும், அதனால விக்கற வரைக்கும் தனித்தனி கப்பு. அதுக்குத் தண்ணி மாத்தறதே ஒருத்தரோட முழுநேர வேலை.

"தாய்லாந்துல வயல் தண்ணில வாழுது." வயல் ஆழம் கம்மி, பரப்பு எவ்ளோ பெருசு? தோத்த மீன் ஓடிப்போக இடம் இருக்கு. 2019ல அந்த நாடு ஃபைட்டர தேசிய நீர்வாழ் உயிரினமா அறிவிச்சுது. கப்புல வெச்சுக் கொண்டாடறதுக்காக இல்ல.

மீன் கொழம்பு பேச்சுக்குப் பதில் சொல்லப் போறதில்ல.

ஆனா அந்த இடமில்லாத வீட்டுப் பேச்சு, அதுதான் வலிக்குது. ரெண்டு அடி இல்லன்னா ஒரு அடி தொட்டி வைங்க, 28 லிட்டர். ஒரு ஃபைட்டர், ஒரு நத்தை, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். அழகா இருக்கும். இதையும் நேத்தே சொன்னேன், யாரும் படிக்கல. சின்ன வீட்டுக்காரன் மீன் செத்தா இன்னொண்ணு வாங்கிப்பான், அவனுக்கு எதுக்கு இவ்ளோ விவரம்னு நீங்களா எப்படி முடிவு பண்ணீங்க? மொட்டை மாடியில கூண்டு கட்டி, பந்தயப் புறாவுக்கு எந்தத் தானியம் எப்பன்னு மனப்பாடமா சொல்ற ஊர் இது. கொளத்தூர்ல வீட்டு மாடியில தொட்டி கட்டி, ஆண் ஃபைட்டர் நுரைக்கூடு கட்டி முட்டைய காக்கறத ராத்திரி முழிச்சுப் பாத்து பிழைக்கற குடும்பங்க இருக்கு. விவரம் தெரிஞ்சவங்க நம்மகிட்டயே இருக்காங்க. எடுத்துச் சொன்னா பந்தான்னு பேர் வெக்கறீங்க.

கேக்கறவங்களுக்கு மீதியும் சொல்லிடறேன். ஃபைட்டர் குதிக்கும், அதனால மூடி வேணும். ஆனா கண்ணாடி மூடி போட்டா சூடு வெளிய போகாது. கொசுவலைய ஃப்ரேம்ல இழுத்துக் கட்டி மேல வைங்க, மே மாசம் ஒரு சின்ன ஃபேன் காத்து தண்ணி மேல படட்டும், ரெண்டு மூணு டிகிரி இறங்கும். ஆவியாகி குறையற தண்ணிய ஊத்திக்கிட்டே இருங்க. ஏர் பம்ப தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க, டியூப்ல ஒரு செக் வால்வு போடுங்க, இல்லன்னா கரண்ட் போனதும் தண்ணி பின்னாடி ஏறி பம்ப் காலி. காத்தோட வேகத்த கொறைச்சு விடுங்க, பெரிய துடுப்ப வெச்சுக்கிட்டு ஃபைட்டரால எதிர்நீச்சல் போட முடியாது. கரண்ட் இல்லாதப்ப ஃபைட்டர் மேல வந்து நேரா காத்தையே சுவாசிச்சுக்கும், ரஸ்போராவுக்கு அந்த வசதி இல்ல. பேட்டரி பம்ப் ஒண்ணு வெச்சுக்கோங்க. தீனி ஃபைட்டருக்கு வேளைக்கு மூணு உருண்டை போதும். லோச்சுக்கான அடிமட்டத் தீனிய லைட் அணைச்சதும் போடுங்க, இல்லன்னா அதையும் ஃபைட்டரே தின்னு வயிறு ஊதிக் கிடக்கும்.

பெரம்பூர், கொளத்தூர் பக்கம் யாராவது புதுசா தொட்டி வெக்கறீங்கன்னா மெசேஜ் பண்ணுங்க. ஓடிட்டிருக்கற தொட்டியிலேர்ந்து பழைய ஸ்பாஞ்சு ஒண்ணு தர்றேன், ஆறு வாரக் காத்திருப்பு பாதியா குறையும். ஒரு டப்பா எடுத்துட்டு வாங்க. தொட்டித் தண்ணியிலயே நனைச்சு வெச்சு, காயவிடாம அன்னைக்கே உங்க ஃபில்டர் பக்கத்துல போட்டுடணும்.