துறைமுகத்தைத் தவிர எல்லாம் இருக்கிறது மலாக்காவில்

வார இறுதியில் மலாக்காவுக்குப் போகிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் இரண்டையும் சேர்த்தே படுகிறேன்.

கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணி நேரம் என்பார்கள். நம்பாதீர்கள். அது ஆயர் குரோ டோல் வரைக்கும் போடும் கணக்கு. அங்கிருந்து ஊருக்குள் போகிற கொஞ்ச தூரம் இருக்கிறதே, அதுதான் உண்மையான பயணம். அப்புறம் பார்க்கிங் தேடி அதே தெருவை வட்டமடிப்பது. அப்புறம் வெள்ளி, சனி இரவுகளுக்கு மட்டும் எகிறும் அறை வாடகை. செவ்வாய்க்கிழமை வந்தாலும் அதே கட்டில், அதே ஓட்டைத் துண்டு, வாடகை மட்டும் மரியாதையாக இருக்கும். சரி, இதெல்லாம் எந்தச் சுற்றுலா ஊரிலும் உள்ளதுதான். விடுங்கள். என் வயிற்றெரிச்சல் வேறு.

இந்த ஊர் உலக வரைபடத்தில் ஏறியதே ஓர் ஆற்றின் முகத்துவாரத்தால்தான். 1400ஐ ஒட்டி, இந்த ஊரை நிறுவிய இளவரசர் பரமேஸ்வரா வந்து இறங்கியது இங்கே. பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும், சின்னப் படகுகள் சரக்கை ஆற்றுக்குள் கொண்டுவரும், கரையோரக் கிடங்குகளில் அடுக்குவார்கள். குஜராத்துத் துணி, சோழமண்டலக் கரைத் துணி, மலுக்குத் தீவுகளின் கிராம்பு, சீனத்துப் பட்டு, பீங்கான், எல்லாம் இந்தத் தண்ணீர் வழியாகத்தான் கைமாறின. போர்த்துக்கீசிய மருந்தாளர் தோமே பிரேஸ் 1512இல் வந்து சில வருடங்கள் இங்கே இருந்தவர். இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட இடம்!

இப்போது அங்கே போய் நின்று துறைமுகத்தைத் தேடிப் பாருங்கள். இருந்தால்தானே கிடைக்கும்?

டச்சுச் சதுக்கத்தில் சிவப்புக் கட்டடங்களின் முன்னால் போட்டோ வரிசை. 1753இல் கட்டி முடித்த கிறிஸ்து தேவாலயத்தை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனைத்தான் பார்க்கிறார்கள். சுற்றிலும் டிரைஷா எனும் மூன்று சக்கர மிதிவண்டிகள். ஒவ்வொன்றிலும் தலையிலிருந்து சக்கரம் வரை ஹலோ கிட்டி, பிகாச்சு, பிளாஸ்டிக் பூ, சீரியல் பல்பு. போதாததற்கு இருக்கைக்குப் பின்னால் ஸ்பீக்கர். ஒன்றில் இந்தோனேசிய டங்டுட் பாட்டு, பக்கத்தில் நிற்பதில் கொரியப் பாட்டு, எதிரே வருவதில் நம் குத்துப்பாட்டு. மூன்றும் ஒரே நேரத்தில். 84 மொழிகளை இப்படித்தான் மீட்டெடுக்கிறார்களோ என்னவோ! மிதிக்கிற மனிதர்களை நான் குறை சொல்லவில்லை. வெயிலில் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு போகிறார்கள், பொம்மை இல்லாத வண்டியில் பிள்ளைகள் ஏற மாட்டேன் என்கிறார்கள், பாவம். ஆனால் அந்தச் சத்தத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

சதுக்கத்தைத் தாண்டினால், ‘தான் கிம் செங்’ என்ற பெயருள்ள பாலம். ஏறத்தாழ இந்த இடத்தில் இருந்த பாலத்துக்காகத்தான் 1511இல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க்கின் படை மலாக்கா சுல்தானின் படையோடு மோதியது. பாலத்தைப் பிடித்தால் ஊரின் இரண்டு பாதியும் பிரிந்துவிடும். அரண்மனையும் பள்ளிவாசலும் ஒரு கரையில், வணிகர்களும் கடைகளும் மறு கரையில். பாலத்தின் மேலேயே சந்தை நடந்ததாம். மலாக்காவின் கதையை ஒரே இடத்தில் நின்று சொல்ல வேண்டுமென்றால் இதைவிடத் தோதான இடம் கிடையாது. இதையெல்லாம் சொல்லும் ஒரு பலகையாவது இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் தேடினேன், என் கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் செல்ஃபி குச்சிகளும் எதிரே முட்டிக்கொண்டு வந்த கூட்டமும்தான். அந்தக் கூட்டம் போவது ஜொங்கர் தெரு இரவுச் சந்தைக்கு. சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான் என்பதால், வாரம் முழுக்க வர வேண்டிய சனம் மூன்று இரவில் வந்து நெரிகிறது. எந்த ஊரிலும் கிடைக்கும் போன் கவரையும் சாவிக்கொத்தையும் வாங்க இவ்வளவு தள்ளுமுள்ளு எதற்கு, சொல்லுங்கள்?

சரி, ஆற்றில் போய்ப் பார்ப்போம் என்று படகு ஏறினேன். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த ஆறு இது. இரண்டாயிரங்களில் சுத்தப்படுத்திக் கரையோரம் நடைபாதை போட்டார்கள். அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் படகில் ஓடிய ஒலிப்பதிவு இருக்கிறதே! இந்தப் பாலம், அந்த ஹோட்டல், அதோ சுவரோவியம், இதோ கம்போங் மோர்ட்டன் கிராமம். அந்தச் சுவரோவியங்கள் இருப்பது பழைய கடைவீடுகளின் பின்பக்கச் சுவர்களில். வீட்டின் பின்பக்கம் ஏன் ஆற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது? சரக்கு அந்த வழியாக வந்ததால்தான். ஊரின் மொத்தக் கதையும் அந்தப் பின்கதவில் இருக்கிறது, அதன் மேல்தான் பூவும் பறவையும் வரைந்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பொடியன் அவன் அப்பாவிடம், “கப்பல்லாம் எங்கப்பா நிக்கும்?” என்று கேட்டான். அந்தப் படகிலேயே கேட்கத் தகுந்த ஒரே கேள்வி அதுதான். “சும்மா இருடா, வீடியோ எடுத்துட்டு இருக்கேன்ல” என்றார் அப்பா. ஒலிப்பதிவும் பதில் சொல்லவில்லை.

கப்பல் எங்கே நின்றது என்று கரையில் நின்று யூகிக்கவும் வழியில்லை, ஏனென்றால் கடலையே காணோம். போர்த்துக்கீசியர் கடலோரமாகக் கட்டிய கோட்டையில் மிச்சம் நிற்பது ஒற்றை வாசல், சாந்தியாகோ வாசல். 1807இல் ஆங்கிலேயர்கள் வெடிவைத்துத் தகர்த்ததில் தப்பியது அது ஒன்றுதான். அதன் எதிரே இப்போது பேரங்காடி. கடலில் மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கரையை எங்கேயோ தள்ளிவிட்டார்கள். முன்பு பின்வாசலைத் திறந்தால் கடல் என்றிருந்த ஹீரன் தெரு வீடுகளுக்குப் பின்னாலும் இப்போது கட்டடங்கள். ஒரு துறைமுக நகரத்திடமிருந்து கடலைப் பிடுங்கிவிட்டு, 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டமும் வாங்கியாயிற்று. என்ன சாமர்த்தியம்!

இதில் உச்சம், கடல்சார் அருங்காட்சியகம். ஆற்றங்கரையில் பெரிய மரக்கப்பல் வடிவில் நிற்கிறதே, அது ஃப்ளோர் டி லா மார் கப்பலின் நகல். யார் கப்பல் அது? மலாக்காவில் கொள்ளையடித்த பொருள்களை ஏற்றிக்கொண்டு 1511இல் கிளம்பி, சுமத்ரா அருகே மூழ்கிய அல்புகெர்க்கின் கப்பல்! இங்கே வந்துபோன சீன ஜங்க் கப்பலோ, குஜராத்துக் கப்பலோ, நம் ஆட்களின் கப்பலோ ஒன்றைக் கட்டி நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. திருடன் ஓடின வண்டிக்குத்தான் இந்த மரியாதை.

நம் ஆட்கள் என்றேன். சுல்தான் காலத்தில் இந்தத் துறைமுகத்தை ஷாபந்தர் எனும் துறைமுக அதிகாரிகள் நான்கு பேர் நிர்வகித்தார்கள். அதில் ஒருவர் பொறுப்பில்தான் கெலிங் வணிகர்கள், வங்காளத்தார், பர்மாவின் பெகு, சுமத்ராவின் பாசாய் ஆட்கள் எல்லாரும். கெலிங் என்றால் பெரும்பாலும் நம் கரையிலிருந்து போனவர்கள். மேற்கிலிருந்து வந்த சரக்குக்கு 6 சதவீதத் தீர்வை. போர்த்துக்கீசியர் நினா சாத்து என்று எழுதிய தமிழ் வணிகரை அவர்களே பெண்டஹாரா என்ற உயர் பதவியில் உட்கார வைத்தார்கள், 1514இல் பதவியைப் பிடுங்கினார்கள், மனிதர் தீயில் இறங்கி உயிரை விட்டார். இப்படி ஒரு ஆள் இந்த ஊரில் வாழ்ந்தார் என்று என்னோடு வந்த கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் காலத்து வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகள் இன்னும் இந்த ஊரின் காஜா பேராங் பகுதியில் இருக்கிறார்கள். வீட்டுப் பேச்சு மலாய், கும்பிடுவது சிவனையும் மாரியம்மனையும். அவர்கள் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோவில் ஜொங்கர் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான். சனிக்கிழமை மாலை அங்கே போனேன். பக்கத்துத் தெருவில் மூச்சுவிட இடமில்லை, கோவிலில் குருக்களைத் தவிர விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் தமிழ்க் குடும்பங்கள் எங்கே என்கிறீர்களா? செண்டோல் ஐஸ் வாங்கும் வரிசையில்.

அந்த வணிகர்கள் யாரும் இரண்டு நாளில் திரும்பியவர்கள் இல்லை. தென்மேற்குக் காற்றில் நம் பக்கத்திலிருந்து வந்தவர்கள், ஊர் திரும்ப வடகிழக்குக் காற்று வரும்வரை மாதக்கணக்கில் இங்கேயே கிடந்தார்கள். சீனர்களுக்குக் காற்றின் கணக்கு நேர்மாறு. அப்படிக் காத்துக்கிடந்தவர்களால்தான் கெலிங் பள்ளிவாசலும் சீனக் கோவிலும் விநாயகர் கோவிலும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. நமக்குப் பொறுமை ஒரு இரவுதான், ஞாயிறு பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்தாக வேண்டும். அந்த ஒரு இரவிலாவது எதையாவது காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். பாலத்தடியில் நான்கு மொழியில் ஒரு பலகை. படகுக்காரரின் ஒலிப்பதிவில் கப்பல் எங்கே நின்றது என்று இரண்டு வாக்கியம். பழைய கடற்கரை எதுவரை இருந்தது என்று தார்ரோட்டில் ஒரு வெள்ளைக் கோடு. வாங்குகிற அறை வாடகைக்கு இதுகூடச் செய்யக் கூடாதா?